‘பிழைத்தல்’ என்னும் உரிமை: ‘மாடத்தி’, ‘பேட் கேர்ள்’ திரைப்படங்களில் பதின்பருவப் பெண்

ஆய்வுச்சுருக்கம்

பதின்பருவப் பெண்ணின் வளர்ச்சியைக் கதைப்பொருளாகக் கொண்டு பெண்கள் இயக்கிய தமிழ்த் திரைப்படங்கள் மிகச் சில. அவற்றுள் லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ (2019), வர்ஷா பரத்தின் ‘பேட் கேர்ள்’ (2025) ஆகிய இரண்டையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. ‘பிழைத்தல்’ என்னும் தமிழ்ச்சொல் தவறு செய்தல், உயிர்வாழ்தல் என்னும் இரு பொருள்களையும் தரும். ஒரு பெண் தவறு செய்தும் வாழ்ந்துவிடக்கூடிய நிலையே அவள் வளர்வதற்கான அடிப்படை என்பதும், அந்நிலை சாதி, வர்க்கம் ஆகியவற்றால் சமமின்றிப் பங்கிடப்பட்டுள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். அகமரபின் இற்செறிப்பு, அலர் ஆகிய கருத்தாக்கங்களும் திண்டுக்கல் மாவட்டக் கன்னிவாடி வட்டாரப் பெண்களின் வாழ்நிலையும் ஒப்பீட்டுக்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பதின்பருவம், பூப்பு, இற்செறிப்பு, அலர், பெண் இயக்குநர், சாதி, நூற்பாலை.

முன்னுரை

பெண் பூப்பெய்துவதைக் குறிக்கத் தமிழில் பல வழக்குகள் உள்ளன. வயதுக்கு வருதல், பெரியவளாதல், சமைதல், சடங்காதல் என வட்டாரந்தோறும் அவை வேறுபடுகின்றன. அவற்றுள் ‘ஆளாதல்’ என்பது தனித்து நோக்கத்தக்கது. ஆள் என்பது மனிதரைக் குறிக்கும் சொல். ஆளும் தன்மையையும் உணர்த்தும் வேர். மொழி அவளை அன்று முதல் ‘ஆள்’ என்கிறது. வழக்கமோ அன்று முதல் அவள் எங்கே போகலாம், யாரோடு பேசலாம், எதைத் தொடலாம் என்பவற்றைச் சுருக்கத் தொடங்குகிறது. சொல்லுக்கும் வழக்கத்துக்கும் இடையிலான இம்முரண், பதின்பருவப் பெண்ணைப் பற்றிய எந்தப் படைப்பையும் அளந்து பார்ப்பதற்குரிய கோலாக அமைகிறது.

இளைஞன் ஒருவன் தவறுகளின் வழியே முதிர்ச்சி அடையும் கதையைத் தமிழ்த் திரை பலமுறை சொல்லியிருக்கிறது. காதலில் தோற்பவன், தேர்வில் தவறுபவன், குடிப்பவன், வீட்டை விட்டு ஓடுபவன் ஆகியோர் இறுதியில் மனிதராகின்றனர். அவர்கள் செய்யும் பிழைகள் அனுபவம் எனக் கொள்ளப்படுகின்றன. அதே பிழையைப் பெண் செய்யும்போது அது அனுபவமாக எண்ணப்படாமல் களங்கமாக எண்ணப்படுகிறது. பெண் இயக்குநர்கள் இவ்வேற்றுமையை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதும், அவ்வெதிர்கொள்ளல் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுபோல் இயலுகிறதா என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

1. அகமரபும் பதின்பருவப் பெண்ணும்

பதின்பருவப் பெண்ணின் காதலை மையமாகக் கொண்ட பெருமரபு தமிழுக்கு உண்டு. அகப்பாடல்களின் தலைவி பெரும்பாலும் பூப்பெய்திச் சில காலமே ஆன இளையவள். களவுக் காலத்தில் அவளைச் சூழ்ந்து நிற்பவை இரண்டு. ஒன்று அலர், அதாவது ஊரார் வாய்ச்சொல். மற்றொன்று இற்செறிப்பு, அதாவது மகளின் வேறுபாடு கண்ட தாய் அவளை வெளியே விடாது வீட்டினுள் இருத்துதல். அலர் ஊரின் கண்ணும் வாயும் ஆகும்; இற்செறிப்பு வீட்டின் கதவு ஆகும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அலர் மிகுந்தால் கதவு அடைபடும்; கதவு அடைபட்டால் அலர் மிகும்.

இந்நெருக்கடிக்கு அகமரபு காட்டும் தீர்வுகளுள் முதன்மையானது வரைவு. தோழி அறத்தொடு நின்று செவிலிக்கு உண்மையை உணர்த்துவதும், தலைவன் வரைவு கடாவப்படுவதும் களவைக் கற்பாக மாற்றும் வழிகள். உடன்போக்கும் இறுதியில் மணத்தையே சென்றடைகிறது. பதின்பருவப் பெண்ணின் விருப்பத்தை இம்மரபு மறுக்கவில்லை. மிக நுட்பமாகப் பாடியிருக்கிறது. ஆயினும் அவ்விருப்பம் ஒரே ஒருவன்மீது, ஒரே ஒரு முறை, மணத்தை நோக்கியதாகவே அமைய வேண்டும் என்பது அதன் எழுதப்படாத நிபந்தனை. தலைவி தவறான ஒருவனைத் தேர்ந்துவிட்டாள் என்பதோ, தேர்ந்த பின் மனம் மாறினாள் என்பதோ அகப்பொருளில் துறையாகவில்லை.

பிற்கால உலா இலக்கியம் பெண்ணின் வயதை ஏழாகப் பகுத்தது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் எனப் பெயரிட்டு, தெருவில் பவனி வரும் தலைவனை எழுவரும் கண்டு மயங்குவதாகப் பாடியது. பெண்ணின் வாழ்நாள் முழுவதும் அங்கே ஒருவனைக் காண்பதனால் அளக்கப்படுகிறது. பெண்கள் பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அப்பார்வை காணப்படும் தலைவனின் பெருமையை நிறுவவே பயன்படுகிறது. பேதை பெதும்பையாவதற்கும் மங்கை மடந்தையாவதற்கும் இடையில் அவள் கற்றது என்ன, இழந்தது என்ன என்ற வினாவுக்கு அவ்வடிவத்தில் இடமில்லை. பருவங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒருத்தியே அவற்றினூடே வளர்ந்து செல்வதில்லை.

இவ்விரு மரபுகளும் விட்டுச்சென்ற இடைவெளிகள்தாம் இக்கட்டுரை எடுத்துக்கொண்ட திரைப்படங்களின் தொடக்கப் புள்ளிகள். ‘மாடத்தி’ பார்க்கும் பெண்ணைப் பற்றியது. ‘பேட் கேர்ள்’ ஒருத்தியே பல பருவங்களினூடே கடந்து செல்வதைப் பற்றியது.

2. திரையில் பதின்பருவப் பெண்

தமிழில் பெண் இயக்கிய முதல் படம் டி. பி. இராஜலட்சுமியின் ‘மிஸ் கமலா’ (1936). தொடக்கம் அவ்வளவு முந்தியதாயினும் தொடர்ச்சி மெலிந்தே இருந்தது. பதின்பருவப் பெண்ணை நினைவில் நிறுத்திய படங்கள் நெடுங்காலம் ஆண்களாலேயே இயக்கப்பட்டன. அவற்றுள் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) தலையாயது. தலைப்பே பெண்ணின் வயதைச் சொல்கிறது. ஆசிரியையாக வேண்டும் என்ற மயிலின் கனவும், நகரத்திலிருந்து வந்த மருத்துவன்மேல் அவள் கொண்ட ஈர்ப்பும் படத்தின் முற்பகுதியில் உயிர்ப்புடன் வருகின்றன. ஆனால் அவளது முதிர்ச்சி சப்பாணியின் தகுதியை உணர்வதாகவே வரையறுக்கப்படுகிறது. அவனுக்காகத் தொடர்வண்டி நிலையத்தில் காத்திருப்பவளாக அவள் நிலைபெறுகிறாள். ஒரு தவறான தேர்வுக்குப் பின் அவளுக்கு எஞ்சியது காத்திருத்தல் மட்டுமே.

சிவசங்கரியின் கதையைத் தழுவி ஜானகி விஸ்வநாதன் இயக்கிய ‘குட்டி’ (2001), நகரத்து வீட்டு வேலைக்கு அனுப்பப்படும் சிறுமியின் கதை. அது வளரும் பருவத்தைச் சொல்வதைவிட, வளரும் பருவம் பறிக்கப்படுவதையே சொன்னது. 2023இல் முத்துக்குமார் இயக்கத்தில் வெளிவந்த ‘அயலி’ இணையத் தொடர், பூப்பெய்தினால் பள்ளிப்படிப்பு நின்றுவிடும் என்பதால் அதனை மறைக்கும் மாணவியைக் காட்டியது. தமிழ்ச்செல்வி அறிவும் துணிவும் நிறைந்தவள். அவள் விரும்புவது கல்வி. விரும்பத்தக்க விருப்பத்தை உடைய பெண்ணுக்குப் பார்வையாளரின் ஆதரவு எளிதில் கிட்டுகிறது. பெண்ணின் விருப்பம் கல்வியாக இல்லாமல் காதலாகவோ உடல்வேட்கையாகவோ வெறும் திரிதலாகவோ இருக்கும்போது அந்த ஆதரவு நீடிக்குமா என்பதே கடினமான வினா. அவ்வினாவை எழுப்பியவை பெண்கள் இயக்கிய இவ்விரு படங்களும் ஆகும்.

3. ‘மாடத்தி’: காணக்கூடாதவளின் பார்வை

லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ 2019இல் பூசான் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, 2021இல் இணையத்தளத்தின் வழியே பொதுப்பார்வைக்கு வந்தது. இதன் நாயகி யோசனா (அஜ்மினா காசிம்) புதிரை வண்ணார் சமூகத்தைச் சேர்ந்த பதின்பருவப் பெண். தாய் வேணியாக செம்மலர் அன்னம் நடித்துள்ளார்.

புதிரை வண்ணார், தலித் சாதிகளுக்கே துணி வெளுக்கும் பணியில் அமர்த்தப்பட்டவர்கள். தீண்டாமைக்கு உள்ளானவர்களாலும் தீண்டப்படாதவர்களாக வைக்கப்பட்டவர்கள். திருநெல்வேலிப் பகுதியில் இவர்கள் பகலில் பிறர் கண்ணில் படவே கூடாது என்றிருந்த வழக்கத்தை, 1930களின் நாளிதழ்ச் செய்தியைக் கொண்டு ஜே. எச். ஹட்டன் தம் சாதி பற்றிய நூலில் எடுத்துக்காட்டினார். தொடுதல் தீட்டு என்பதற்கும் அப்பால், காண்டலே தீட்டு என்னும் நிலை அது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவல் இச்சமூகத்து வாழ்வைத் தாயாகிய ஆரோக்கியத்தை மையப்படுத்தி எழுதியது. ‘மாடத்தி’ மையத்தை மகளுக்கு மாற்றுகிறது. இம்மாற்றம் கதைப்பொருளையே மாற்றுகிறது. தாய் ஒடுக்குமுறையை அறிந்தவள். அதனோடு ஒத்துப்போய்ப் பிழைக்கக் கற்றவள். மகள் அதனை இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளாதவள். ஏற்றுக்கொள்ளாத அந்த இடைக்காலமே படத்தின் பொழுது.

ஊரார் எதிர்ப்பட்டால் புதருக்குள் மறைந்துகொள்ள வேண்டும் என்பது யோசனாவுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம். அகமரபின் இற்செறிப்புக்கு வீடு வேண்டும். காக்கப்பட வேண்டிய பெண் என்னும் மதிப்பு வேண்டும். யோசனாவுக்கு அவை இரண்டும் இல்லை. அவளுக்கு வாய்த்தது காடும் ஆறும். பிறர் காணாத இடங்களில் அவள் தடையின்றித் திரிகிறாள். நீரிலும் மரத்திலும் விலங்குகளிடையேயும் தன் உடலை அச்சமின்றி உணர்கிறாள். ஒடுக்குமுறை அவளுக்கு ஒதுக்கிய மறைவிடமே அவளது சுதந்திர வெளியாகவும் ஆகிவிடுகிறது. இம்முரணைப் படம் விளக்கிப் பேசுவதில்லை, காட்சியால் உணர்த்துகிறது.

ஆற்றில் நீராடும் இளைஞனை யோசனா மறைந்திருந்து பார்க்கும் காட்சி படத்தின் மையம் எனலாம். தமிழ்த் திரையில் நீராடுபவள் பெண், மறைந்து பார்ப்பவன் ஆண் என்பது நெடுநாள் வழக்கம். இங்கே அவ்வழக்கம் புரட்டப்படுகிறது. ஆனால் இதனை வெறும் இடமாற்றமாகக் கொள்ளுதல் போதாது. பார்க்கும் ஆண் பிடிபட்டால் நகைப்புக்குரியவன் ஆவான்; பார்க்கும் யோசனா பிடிபட்டால் அவள் உயிருக்கே இடர். அவள் விரும்பிப் பார்க்கவில்லை என்றால் அவளுக்கு இளமை இல்லை; பார்த்தால் பாதுகாப்பு இல்லை. புறப்பொருள் வெண்பாமாலை பெண்பாற் கைக்கிளைக்கும் இடமளித்தது. தன்னைக் காணவே மறுக்கும் ஒருவனைக் காணும் பெண்ணின் ஒருதலை வேட்கையை, சாதியின் பின்னணியில் வைத்துக் காட்டும்போது ‘ஒருதலை’ என்பதன் பொருள் மிகவும் கனத்துவிடுகிறது.

பகலில் காணக்கூடாதவர்கள் என ஒதுக்கப்பட்ட பெண்களின் உடல்மேல் ஊர் ஆண்கள் உரிமை கொண்டாடுவதையும் படம் மறைக்கவில்லை. வேணி வன்புணர்வுக்கு உள்ளாகிறாள். ஊர்த் திருவிழாவின் இரவில் யோசனாவும் ஊர் ஆண்களின் வன்முறைக்கு இரையாகி மாய்கிறாள். பின்னர் அவளே மாடத்தி என்னும் தெய்வமாகிறாள். காணவும் கூடாதவளாக வாழ்ந்தவளை, செத்த பின் ஊர் கைகூப்பிக் காண்கிறது. கொலையுண்ட பெண்கள் தெய்வமாவது தென்தமிழ்நாட்டு நாட்டார் வழிபாட்டில் பரவலான மரபு. அச்சமும் குற்றவுணர்வும் அவ்வழிபாட்டில் கலந்திருப்பதை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகள் பேசியுள்ளன. படம் அவ்வாய்வுகள் கேட்கும் வினாவையே உரத்துக் கேட்கிறது: பெண்ணை மனிதராக வாழவிடாத ஊர் அவளைத் தெய்வமாக்கி எதனை ஈடுசெய்கிறது?

இக்கதையைக் கோயிலுக்குச் செல்லும் வழியில் மாதவிலக்கான புதுமணப்பெண் ஒருத்தி கேட்பதாகப் படம் கட்டமைத்துள்ளது. விலக்கான பெண் கோயிலுக்குள் செல்லலாகாது என்பது வழக்கம். அவளிடமே அக்கோயிலின் உண்மைக் கதை சொல்லப்படுகிறது. கேட்பவளையும் கதைக்குள் இழுக்கும் பொருத்தமான உத்தி இது.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டியாக வேண்டும். யோசனாவின் கதை அவளது சாவில் முடிவதால், விருப்பம் கொண்ட பெண்ணுக்கு அழிவே விளைவு என்னும் பழைய கதைப்போக்கு இங்கும் வந்து சேர்கிறது. படம் அவ்வழிவை நியாயப்படுத்தவில்லை. அதனைக் குற்றமாகவே நிறுத்துகிறது. எனினும் யோசனா எதை விரும்பியிருப்பாள், எதில் சலித்திருப்பாள், எப்போது மனம் மாறியிருப்பாள் என்பவற்றைப் பார்வையாளர் ஒருபோதும் அறிய முடியாது. அவள் தெய்வமானாள், ஆளாக நேரம் கிடைக்கவில்லை.

4. ‘பேட் கேர்ள்’: கண்காணிக்கப்படுபவளின் காலம்

வர்ஷா பரத்தின் முதல் படமான ‘பேட் கேர்ள்’ 2025 தொடக்கத்தில் ரோட்டர்டாம் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டு, ஆசியத் திரைப்படங்களுக்கான நெட்பேக் விருதைப் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று திரையரங்குகளில் வெளியானது. ஒளிப்பதிவாளர்களுள் ஒருவர் பிரீதா ஜெயராமன். படத்தொகுப்பு ராதா ஸ்ரீதர். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய மூன்று துறைகளிலும் பெண்கள் பங்கேற்ற தமிழ்ப் படங்கள் அரியன என்பதால் இது குறிப்பிடத்தக்கது.

நாயகி ரம்யா (அஞ்சலி சிவராமன்) நடுத்தரப் பார்ப்பனக் குடும்பத்துப் பெண். தாய் சுந்தரி (சாந்திப்பிரியா) மகள் படிக்கும் பள்ளியிலேயே ஆசிரியை. இவ்வமைப்பு மிக முதன்மையானது. யோசனாவைக் காணக்கூடாது என்றால், ரம்யாவைக் காணாமல் இருக்கவே கூடாது. வீட்டில் பாட்டியும் தாயும், பள்ளியில் ஆசிரியரும் மாணவரும் அவளைக் கண்காணிக்கின்றனர். தாயே ஆசிரியையாகவும் இருப்பதால் வீட்டின் கதவும் ஊரின் கண்ணும் ஒருவரிடமே சேர்கின்றன. அகமரபில் இற்செறிப்பு தாயின் செயல், அலர் ஊராரின் செயல். இங்கே மகளைப் பற்றிய அலரைத் தன் பணியிடத்திலேயே கேட்க வேண்டியவளாகவும், அதனால் மகளை மேலும் செறிப்பவளாகவும் தாய் அமைகிறாள்.

பதின்பருவப் பகுதியில் ரம்யா காதலைப் பற்றிய கனவுகளுடன் வாழ்கிறாள். அவளுடைய காதலும் அது வெளிப்படும்போது எழும் அவமானமும் நகைச்சுவையும் வலியும் கலந்து சொல்லப்படுகின்றன. மாதவிலக்கு நாள்களில் வீட்டினுள்ளேயே ஒதுக்கி வைக்கப்படும் வழக்கம், அவளது உடல் குடும்ப ஆசாரத்தின் எல்லைக்கோடாக இருப்பதைக் காட்டுகிறது. தூய்மை பேணும் சாதியில் பெண்ணின் உடல் சாதியின் வேலி என்பதை இக்காட்சிகள் உரையாடலின்றியே உணர்த்துகின்றன.

படத்தின் சிறப்பு அதன் கால அமைப்பில் உள்ளது. பள்ளி, கல்லூரி, முப்பதுகளின் தொடக்கம் என மூன்று கட்டங்களில் ஒருத்தியே நடக்கிறாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காதல் உண்டு; ஒவ்வொன்றும் முறிகிறது. வழக்கமான கதையில் முதல் முறிவே பெண்ணின் வாழ்வை முடித்துவிடும், அல்லது அவளைத் திருத்தி மணமேடைக்கு அனுப்பும். ரம்யா திருந்துவதில்லை; அழிவதும் இல்லை. ஒரே பிழையைச் சற்று வேறு உருவில் மீண்டும் செய்கிறாள். பிறகு மெல்ல அதனைப் புரிந்துகொள்கிறாள். உலா இலக்கியம் ஏழு பெண்களாக வரிசைப்படுத்திய பருவங்கள் இங்கு ஒருத்தியின் நினைவில் இணைகின்றன. அவள் வளர்ச்சியின் அளவுகோல் கிடைத்த ஆண் அல்லன். வரைவு என்னும் முடிவு நீக்கப்பட்டவுடன், களவு என்பது மறைத்தலாக இல்லாமல் கற்றலாக மாறுகிறது.

குறைகளும் உள்ளன. ஆண் பாத்திரங்கள் பெரும்பாலும் ரம்யாவின் அனுபவத்துக்குரிய கருவிகளாகவே நிற்கின்றனர். அதனினும் முதன்மையானது சாதி பற்றிய மௌனம். ஆசாரம் அவளை ஒடுக்குவதைப் படம் காட்டுகிறது. அதே சாதி அவளுக்கு அளிக்கும் காப்பைக் காட்டுவதில் தயங்குகிறது. ரம்யா வீட்டை விட்டு விலகித் தனியே வாழ முடிகிறது. கல்வியும் வேலையும் கிடைக்கின்றன. பிழைகளுக்குப் பின் திரும்பிச் செல்ல ஒரு வீடும் தாயும் இருக்கின்றனர். மூன்று முறை விழுந்து எழ அவளுக்கு இருபதாண்டுக் காலம் தரப்பட்டுள்ளது. யோசனாவுக்கு ஒரே ஒரு திருவிழா இரவுகூட மிஞ்சவில்லை.

5. தாயும் மகளும்

இரு படங்களையும் இணைக்கும் வலிமையான இழை தாய்–மகள் உறவு. அகப்பாடலின் நற்றாயும் செவிலியும் மகள் சென்ற பின் வருந்துபவர்கள். மகள் இருக்கும்போது அவளைச் செறிப்பவர்கள். ஆணாதிக்கத்தின் கட்டளை பெண்ணின் வாய்வழியே பிறப்பிக்கப்படும் இவ்வமைப்பு இரு படங்களிலும் தொடர்கிறது.

வேணியின் கடுமை அச்சத்திலிருந்து பிறப்பது. ஊரின் கண்ணில் மகள் பட்டால் என்ன நேரும் என்பதைத் தன் உடலால் அறிந்தவள் அவள். சுந்தரியின் கடுமை மானத்திலிருந்து பிறப்பது. தன் தாயிடமிருந்து தான் பெற்ற வளர்ப்பையே மகளுக்குத் தருகிறாள் என்பதை ரம்யா பிற்பகுதியில் உணர்கிறாள். பாட்டி, தாய், மகள் என மூன்று தலைமுறையாக நீளும் சங்கிலியை அறுப்பது தாயை வெறுப்பதால் இயலாது. தாயும் ஒரு காலத்தில் பதின்பருவப் பெண்ணாக இருந்தாள் என்பதை அறிவதாலேயே இயலும் என்பதே ‘பேட் கேர்ள்’ சென்றடையும் இடம்.

இவ்வறிதலுக்கு மகள் முதிர்ந்திருக்க வேண்டும்; தாயும் உயிரோடிருக்க வேண்டும். இருவருக்கும் பேசிக்கொள்ள அமைதியான ஒரு மாலைப்பொழுது வேண்டும். ரம்யாவுக்குக் கிட்டிய அவ்வுரையாடல் யோசனாவுக்கும் வேணிக்கும் கிட்டவேயில்லை. தாயின் எச்சரிக்கை சரியே என்பதை மகளின் சாவு நிறுவிவிடுகிறது. அதனால் தாயின் அச்சத்தை மறுத்துரைக்க எவரும் எஞ்சவில்லை. ஒரே வகையான தாயின் கடுமை, ஒரு வீட்டில் பின்னாளில் பேசித் தீர்க்கத்தக்க மனவருத்தமாகிறது. மற்றொரு குடிசையில் பொய்க்காத குறியாகிறது.

6. படத்துக்கு வெளியே எழுந்த அலர்

‘பேட் கேர்ள்’ முன்னோட்டம் 2025 சனவரியில் வெளியானதுமே எதிர்ப்பு எழுந்தது. குறிப்பிட்ட சாதிப் பெண்ணை இழிவுபடுத்துகிறது என்றும், பண்பாட்டைச் சிதைக்கிறது என்றும் கூறப்பட்டது. சிறார் சித்திரிப்பைக் காரணம் காட்டிய வழக்கில், அவ்வாண்டு சூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முன்னோட்டத்தை இணையத்திலிருந்து நீக்க ஆணையிட்டது. படத்தைத் தயாரித்த இயக்குநர் வெற்றிமாறன், தம் நிறுவனம் இதன்பின் படம் தயாரிக்காது என அறிவித்தார்.

சிறாரைத் திரையில் காட்டுவதில் பொறுப்பு வேண்டும் என்பது மறுக்க முடியாதது. அதே வேளையில், பதின்பருவப் பெண்களை ஆண் நாயகர்கள் துரத்துவதைக் காதலாகக் கொண்டாடிய படங்கள் பல பத்தாண்டுகளாக இத்தகைய பதற்றத்தை எழுப்பவில்லை என்பதும் எண்ணத்தக்கது. சிறுமியை விரும்பும் ஆண் காட்சியானபோது எழாத அலர், விரும்பும் சிறுமி காட்சியானபோது எழுகிறது. முழுப் படம் வெளிவருமுன் சில நிமிட முன்னோட்டத்தைக் கொண்டே தீர்ப்பு வழங்கப்பட்டதும் அலரின் இயல்புக்குப் பொருந்துவதே. அலர் முழுக் கதையைக் கேட்டு எழுவதில்லை.

7. கன்னிவாடியிலிருந்து நோக்குதல்

இவ்விரு படங்களின் நாயகியரும் தமிழ்நாட்டுப் பதின்பருவப் பெண்களின் இரு முனைகள். ஒருத்தி சாதியடுக்கின் அடியில் மலையடிவாரத்தில் வாழ்பவள். மற்றொருத்தி அதன் மேலே மாநகரில் வாழ்பவள். இடையிலுள்ள பெரும்பான்மைப் பெண்களின் நிலையிலிருந்து இப்படங்களைப் படிக்க ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வது பயன் தரும். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், முன்பு பாளையமாக விளங்கி இன்று பேரூராட்சியாக உள்ள கன்னிவாடியும் அதனைச் சூழ்ந்த திண்டுக்கல் சமவெளியும் அதற்குப் பொருத்தமானவை.

இவ்வட்டாரத்தில் பூப்புச் சடங்கு ஒரு பெரும் பொதுநிகழ்வு. தாய்மாமன் பச்சை ஓலையால் குச்சு கட்டுவதும், தனியே இருத்தப்பட்ட பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டுவதும், சீர்த்தட்டுகள் ஊர்வலமாக வருவதும், மொய் எழுதுவதும் தென்மாவட்டங்களில் பரவலாக உள்ள வழக்கங்கள். மண்டப வாயிலிலும் சாலையோரத்திலும் பெண்ணின் படம் அச்சிட்ட பதாகை நிற்பது அண்மைக்காலச் சேர்க்கை. சில நாள் மறைத்து வைக்கப்பட்ட பெண், ஒரே நாளில் ஊருக்கே காட்டப்படுகிறாள். யோசனாவின் மறைப்பும் ரம்யாவின் கண்காணிப்பும் இச்சடங்கில் அடுத்தடுத்த கட்டங்களாகவே நிகழ்கின்றன. பள்ளியில் உடன் படிப்போர் அந்தப் பதாகையைக் கடந்துதான் வகுப்புக்கு வருகின்றனர். அவள் உடலில் நேர்ந்ததை ஊர் கொண்டாடிவிட்டது. அதைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்பதை எவரும் கேட்பதில்லை.

அடுத்து வருவது நூற்பாலை. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலைகள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து இளம்பெண்களை வேலைக்கு எடுத்துவந்துள்ளன. சுமங்கலித் திட்டம் என அறியப்பட்ட முறையில், பதின்பருவப் பெண்கள் மூன்றாண்டு அளவில் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்து, ஒப்பந்த முடிவில் மொத்தத் தொகை பெறுவர். அது திருமணச் செலவுக்கென்று கருதப்பட்டது. பெயரிலேயே மணம் இலக்காக வைக்கப்பட்டுள்ளது. வெளியே செல்லக் கட்டுப்பாடு, வீட்டாருடன் பேசக் கட்டுப்பாடு, இரவுப்பணி ஆகியவை தொழிலாளர் உரிமை அமைப்புகளின் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. இற்செறிப்பு என்னும் பழஞ்சொல்லுக்கு நம் காலத்தின் பொருத்தமான சான்று இவ்விடுதிகளே. இங்கே செறிப்பவள் தாய் அல்லள்; ஒப்பந்தம். காக்கப்படுவது மகளின் கற்பு எனச் சொல்லப்படுகிறது. பெறப்படுவதோ அவளது உழைப்பு.

ஆலையில் பெண்ணின் உடல் எதிர்கொள்ளும் இடரும் கற்பனை அன்று. 2021இல் திண்டுக்கல் மாவட்ட ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் பணியாற்றிய இளம் தலித் பெண் கொல்லப்பட்டதை அடுத்து, பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் போராடியது. அதன் விளைவாக 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடனும் எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் ஒப்பந்தங்கள் உருவாயின. பணியிடப் பாலியல் வன்முறையைத் தடுக்கத் தொழிலாளப் பெண்களையே கண்காணிப்பாளர்களாக அமர்த்தும் அந்த ஏற்பாடு ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என உலக அளவில் அறியப்படுகிறது. யோசனாவைப் போல் மாய்ந்த ஒருத்தியை ஊர் தெய்வமாக்கி அமைதி அடையவில்லை. உடன் உழைத்த பெண்கள் அவள் சாவை விதியாக மாற்றினர். ‘மாடத்தி’ எழுப்பிய வினாவுக்கு இது ஒரு மாற்று விடை.

கன்னிவாடி வட்டாரப் பெண்ணுக்கு யோசனாவின் முழு மறைப்பும் இல்லை. ரம்யாவின் இருபதாண்டுக் காலமும் இல்லை. பூப்புக்கும் மணத்துக்கும் இடையில் அவளுக்குள்ள சில ஆண்டுகளைப் பள்ளியும் ஆலையும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆலை வேனின் சன்னலோரம் அமர்ந்து அதிகாலையில் செல்லும் அவள் எவனையாவது விரும்பலாம், ஏமாறலாம், மனம் மாறலாம். அந்தப் பிழை அவளைக் கொல்லாமல், மணத்தில் அடைக்காமல், வளரச் செய்யும் கதையை இவ்விரு படங்களும் சொல்லவில்லை. அவை திறந்த வழியில் அடுத்து எடுக்கப்பட வேண்டிய படம் அது.

முடிவுரை

‘மாடத்தி’ காணக்கூடாதவளைப் பார்ப்பவளாக்கியது. ‘பேட் கேர்ள்’ கண்காணிக்கப்படுபவளைத் தன் கதையைத் தானே சொல்பவளாக்கியது. இரண்டும் அகமரபின் வரைவு என்னும் முடிவைக் கைவிட்டன. ஆனால் வரைவுக்கு மாற்றாக ஒருத்திக்கு வாய்த்தது சாவு. மற்றொருத்திக்கு வாய்த்தது வாழ்வு. இவ்வேற்றுமையை இயக்குநர்களின் கலைநோக்கால் மட்டும் விளக்க முடியாது. தவறு செய்தும் வாழ்ந்திருத்தல் என்னும் உரிமை யாருக்கு எவ்வளவு என்பதைச் சமூகம் முன்னரே பங்கிட்டு வைத்துள்ளது. படங்கள் அப்பங்கீட்டைப் பதிவு செய்துள்ளன.

எனவே பெண் இயக்கிய படம் என்னும் அடையாளம் ஆய்வின் தொடக்கமாகலாம், முடிவாகாது. அப்படத்தின் பெண்ணுக்கு எத்தனை முறை பிழைக்க இடம் தரப்பட்டது என்பதையும், அவ்விடத்தை அவளுக்கு அளித்தது எது என்பதையும் சேர்த்தே கேட்டாக வேண்டும். பெண்ணை ‘ஆள்’ என அழைக்கும் மொழிக்குரியோர், அவள் ஆளாகும் காலத்தை அவளுக்கு விட்டுக்கொடுக்கும்போதே அச்சொல் மெய்ப்படும்.